ஈரத்துணி முடிச்சு

"பையைத் திற."

வீட்டு வேலைக்கு வந்த ஒல்லி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"எதுக்குக்கா?"

"திறன்னா திற."

கைராசியம்மாவின் குரலைக் கேட்டு, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தார்.

கைராசியம்மா என்பது வீடியோ பார்ப்பவர்கள் வைத்த பெயர். மாடித்தோட்டம் பற்றி வாராவாரம் வீடியோ போடுவாள். அதிலும் நாஸ்டர்ஷியம் என்ற பூங்கொடி என்றால் எல்லோரும் அவளைத்தான் தேடி வருவார்கள். நம் ஊர் வெயிலில் லேசில் வராத கொடி அது. விதை முளைக்காமல் படுத்தும். முளைத்ததை நாற்றுத் தட்டிலிருந்து தொட்டிக்கு மாற்றினால், இரண்டே நாளில் தலை தொங்கிவிடும்.

'எங்களுக்கு மட்டும் ஏம்மா வாடுது?' என்று கேட்காதவர்கள் இல்லை.

"எல்லாம் கைராசிதான்" என்று சிரிப்பாள். சொன்னதற்கேற்ப அவள் மாடியில் கொடி கம்பியைச் சுற்றிக்கொண்டு சுவரைத் தாண்டி, ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளியது.

இன்று பத்து மணிக்கு மாடித்தோட்டச் சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஆளுக்கொரு விதை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். நேற்று சாயங்காலம் கொடியில் முற்றிய விதைகளை எண்ணிவிட்டுத்தான் கீழே இறங்கினாள். பதினாலு. காலையில் போய்ப் பார்த்தால் மூன்றுதான் இருந்தது.

நேற்று கடைசியாக மாடிக்குப் போய்த் துணி எடுத்தவள் ஒல்லி.

"விடேன், எங்கேயாவது விழுந்திருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. மூணு வருஷமா சாவியைக் கையில குடுத்து வெச்சிருக்கேன். ஆள் எப்படின்னு தெரிய வேண்டாமா?"

பையை அவளே வாங்கி மேஜைமேல் கவிழ்த்தாள். டிபன் டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை. கடைசியாக, ஈரத்துணியில் ஒரு சின்ன முடிச்சு.

ஒல்லி சட்டென்று கையை நீட்டினாள். "அதை மட்டும் பிரிக்காதீங்கக்கா."

அது போதாதா? கைராசியம்மா பரபரவென்று முடிச்சை அவிழ்த்தாள். பட்டாணி மாதிரி, சுருக்கம் விழுந்த ஐந்து விதைகள்.

"இப்ப என்ன சொல்றே?"

ஒல்லி துணியின் நுனியை விதைகள்மேல் இழுத்து மூடப் பார்த்தாள்; கைராசியம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. இன்னியோட நின்னுக்கோ. சாவியை வெச்சுட்டுப் போ."

ஒல்லி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டிபன் டப்பாவையும் மாத்திரையையும் பைக்குள் போட்டாள். அவசரத்தில் சீப்பு கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொடுக்கக் குனிந்த வீட்டுக்காரர், நிமிரும்போது விதைகளை உற்றுப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதெல்லாம் முளை விட்டிருக்கே."

"விட்டா என்ன?"

"நேத்து சாயங்காலம் பறிச்சது ஒரே ராத்திரியில முளைக்குமா?"

கைராசியம்மா குனிந்தாள். ஒவ்வொரு விதையிலும் வெள்ளை வெளேரென்று நூல் மாதிரி வேர் எட்டிப் பார்த்தது.

வீட்டுக்காரர் விறுவிறுவென்று மாடியேறினார். திரும்பி வந்தபோது உள்ளங்கை நிறைய மண் ஒட்டிய விதைகள். "முத்தினா தானா உதிர்ந்துடும் போலிருக்கு. பதினொண்ணும் தொட்டி இடுக்குலதான் கிடந்துச்சு."

கைராசியம்மா மேஜைமேல் கிடந்த ஐந்தையும் அவர் கையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ இது எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று அவர்தான் ஒல்லியிடம் கேட்டார்.

"எங்க வீட்டுக் கொடியிலேருந்து சார்." ஒல்லி தயங்கினாள். "அக்கா முதல் தடவை வாங்கின விதை பாக்கெட்ல, இனி முளைக்காதுன்னு பாதியைக் குப்பையில போடச் சொன்னாங்க. கேட்டுட்டுத்தான் எடுத்துட்டுப் போனேன். தோலை லேசாக் கீறி, ராத்திரி ஊற வெச்சு, ஈரத்துணில கட்டி வெச்சா அஞ்சாறு நாள்ல முளை வந்துடும். அப்பவே தொட்டில ஊனிடணும். கன்னு ஆனப்புறம் இதோட வேரைத் தொடக் கூடாது."

"அதை ஏன் இங்கே கொண்டு வந்தே?" கைராசியம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"வீடியோவுக்காக நீங்க கன்னைப் பிடுங்கி மாத்தி வைப்பீங்க. அது வாடிடும். அதை எடுத்துட்டு, அதே இடத்துல இதை வெச்சுடுவேன். அடுத்த வாரம் நீங்க கேமராவோட வர்றதுக்குள்ள தலை காட்டிடும். பழசே மறுபடி துளிர்த்துச்சுன்னு நினைச்சுக்குவீங்க."

"எத்தனை தொட்டியில?"

"எல்லாத்துலயும்தான்க்கா."

கைராசியம்மா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"முதல் தடவை எல்லாம் செத்தப்போ, மாடில தனியா உக்காந்து அழுதீங்க. உங்க பொண்ணு வீட்டை விட்டுப் போன மாசம் அது. அப்புறம் புதுசா முளைச்சதைப் பார்த்துட்டுத்தான் ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அழைப்பு மணி அடித்தது. வெளியே பெண்களின் பேச்சுச் சத்தம்.

கைராசியம்மா வாசலையும் ஒல்லியையும் பார்த்தாள். ஒல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஈரத்துணியை முடிந்து பைக்குள் வைத்தாள். போய்க் கதவைத் திறந்தாள்.

"வாங்க, வாங்க. அக்கா உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க."

முன்னால் நின்ற பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரும்மா?"

ஒல்லி சிரித்தாள்.

"அக்காகிட்ட செடி வளர்க்கக் கத்துக்கிட்டிருக்கேங்க."