இரண்டு வெடி

விடிந்தும் விடியாத நேரத்தில் மேட்டு வீட்டுச் சோமையாவின் துப்பாக்கி அடுத்தடுத்து இரண்டு முறை வெடித்தது.

எங்கள் குடகில் ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, சாவு என்றால் இரண்டு. நான்கு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த அவன் அப்பா போய்விட்டார் என்று நானும் மனைவியும் வெள்ளை உடுத்திக்கொண்டு ஓடினோம். அதற்குள் முற்றத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

சோமையா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"யாரும் சாகலண்ணா! காப்பித் தோட்டத்துல பன்னி. பனியில ஒண்ணும் தெரியல, செடி மட்டும் ஆடுச்சு. ரெண்டு குழலையும் காலி பண்ணிட்டேன்."

"அறிவிருக்காடா? ஒண்ணோட நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நிறுத்தியிருந்தா, எனக்குப் பையன் பொறந்துட்டான்னு வந்திருப்பீங்க!"

"உன் துப்பாக்கி இன்னிக்குப் பொய் சொல்லிடுச்சு, போ."

"இது என்னிக்கும் பொய் சொல்லாதுண்ணா. விழுந்த சத்தம் கேட்டுச்சே! பனி கலையட்டும், போய்த் தூக்கிட்டு வரலாம். எல்லாரும் பன்னிக்கறி சாப்பிட்டுத்தான் போகணும். அப்பாகூட நேத்து தடியை ஊன்றி நாலடி நடந்தாரு. அவருக்கும் ரெண்டு துண்டு குடுக்கலாம்."

அவன் மனைவி தேச்சம்மா, மாமனாருக்குக் கொண்டுபோன காப்பியோடு அப்படியே திரும்பி வந்தாள்.

"என்னங்க... மாமா கட்டில்ல இல்ல. தடியையும் காணோம். தோட்டத்துப் பக்கம் கதவு தெறந்து கெடக்கு."

அன்றைக்குச் சாவு சொல்ல யாரும் மறுபடி வெடி போடவில்லை.