வராத தும்மல்

சமுத்திரத்தைப் பயந்தாங்கொள்ளி என்று முதலில் சொன்னது டாக்டர் ஆராவமுதன். இரண்டாவது, அதைக் கேட்டு வந்து ராஜபாளையம் டீக்கடையில் ஒப்பித்த கம்பவுண்டர் காளிராஜ். மூன்றாவது யாரென்று சொல்ல முடியாது. ஊரே சொன்னது.

சமுத்திரத்துக்கு மலையடிவார மாந்தோப்பில் ராக்காவல். பழம் பழுக்கிற காலத்தில் கரடி இறங்கும். தீப்பந்தமும் தகர டின்னுமாகப் போய் அதை மலையேற்றிவிட்டு, அந்தப் பந்தத்திலேயே பீடி பற்றவைக்கிற ஆள். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவரை எண்பத்தேழாம் வருஷம் மாசியில் ஒரு குடலிறக்கம் படுக்கப் போட்டுவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆராவமுதன் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். கை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. முதுகில் ஊசி போட்டு, கழுத்துக்கு நேரே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். பெரிய டாக்டர் கத்தியைப் பிடிக்க, சின்ன டாக்டர் பத்மாசனி கொக்கி போட்டு வெட்டுவாயை விரித்துப் பிடித்தாள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

"ஐயா, தும்மல் வருது" என்றார் சமுத்திரம்.

தும்மினால் வயிறு குலுங்கும். எல்லாரும் கையை எடுங்கள் என்று ஆராவமுதன் அதட்டினார். கத்தி, கொக்கி எல்லாம் வெளியே வந்தன. அத்தனை பேரும் ஒரு மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சமுத்திரம் மூக்கைச் சுருக்கினார். விரித்தார்.

"போயிருச்சுய்யா."

செத்த நேரத்தில் மறுபடியும் தும்மல். நர்ஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்து மூக்குக்குக் கீழே ஏந்தினாள். அதுவும் வரவில்லை.

மூன்றாவது தடவை, தன் கால் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால்தான் ஆயிற்று என்றார். நர்ஸ் போர்வையைத் தூக்கி, பத்து விரலையும் சத்தமாக எண்ணிக் காட்டினாள். மயக்க ஊசி டாக்டர் சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாலாவது தடவை மறுபடியும் தும்மல்.

"யோவ், நீயா கரடி விரட்டுறவன்? உன்னை மாதிரிப் பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்ல" என்றார் ஆராவமுதன்.

முக்கால் மணி நேர வேலை ஒன்றேகால் மணி நேரம் இழுத்தது.

வீடு திரும்பினால் டீக்கடையில் கச்சேரி. சமுத்திரம் தலை தெரிந்ததும் ஒருவன் மூக்கைப் பிடிப்பான். இன்னொருவன், "எல்லாரும் கையை எடுங்கப்பா" என்பான். பாய்லர்க்காரர் உண்மையிலேயே கையை எடுப்பார். தோப்பு முதலாளி கூப்பிட்டு அனுப்பி, வருகிற சீசனுக்கு ராக்காவல் சிவனாண்டிக்கு என்றார். சமுத்திரம் பகலில் அணில் விரட்டினால் போதுமாம்.

மனைவி ஞானபாக்கியம் அழுதாள். சமுத்திரம் அழவில்லை. சொன்ன வாயே மாற்றிச் சொன்னால்தான் தோப்பு திரும்பும் என்று, தையல் பிரிக்கிற நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். டாக்டரிடம் கேட்க வேண்டியதைச் சத்திரப்பட்டி விலக்கு தாண்டுமுன்னே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முன்சீட்டுக்காரர் பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தார்.

தையலைப் பிரித்தது பத்மாசனி. படிப்பு முடித்து, ஆபரேஷன் பழக வந்து நாலு மாசமாகிறது என்றாள். பிரித்து முடித்ததும் கட்டைவிரலை நீவிவிட்டுக்கொண்டே அவளாகவே பேசினாள். சமுத்திரத்துக்குச் செய்தது அன்றைக்கு நாலாவது ஆபரேஷனாம். கொக்கியை இழுத்துப் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளுமாம், விரிக்கவே வராதாம். சாயங்காலம் உப்பு போட்ட வெந்நீரில் கையை முக்கி வைக்கிறாளாம். கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு ரப்பர் பந்து, பிசைந்துகொண்டே இருக்க.

"இன்னொரு தடவை கை ஆடினா பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரணும்னு சார் சொல்லியிருந்தார். நீங்க தும்மல்னு சொன்னப்பல்லாம் நான் விரலை விரிச்சுக்கிட்டேன். உங்க பயம்தான் என்னைக் காப்பாத்துச்சு, பெரியவரே" என்று சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆராவமுதன் உள்ளே வந்தார்.

"என்னய்யா கரடி, பயம் தெளிஞ்சுதா?"

சமுத்திரம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். வாயைத் திறந்தார். பத்மாசனியின் கை கோட்டுப் பைக்குள் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தது.

"தெளிஞ்சிருச்சுய்யா" என்றார்.

வாசலில் ஞானபாக்கியம் மறித்தாள். "கேட்டீகளா?"

"கேக்கல."

"தோப்பு போச்சே. பொறவு எதுக்கு இம்புட்டு தூரம் வந்தீக?"

"விட்ருவேன்னு நெனைக்காத. அந்த டாக்டரு எனக்கு ஒரு வார்த்தை பாக்கி. அந்தப் பிள்ளை தனியா நின்னு ஒரு ஆபரேஷன் செஞ்சு முடிக்கட்டும். மறுநாளே வந்து சட்டையைப் பிடிச்சுக் கேக்கேன்."

"உமக்கும் டாக்டருக்கும் உள்ள வழக்குல அந்தப் பிள்ளை எங்கேருந்து வந்துச்சு?"

சமுத்திரம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, ஊசி போட்டு மரத்தது இடுப்புக்குக் கீழதான. அந்தப் பிள்ளை முழங்கையை என் நெஞ்சுல ஊனிக்கிட்டுல்ல நின்னுச்சு. அது நடுங்க நடுங்கத்தான் எனக்குத் தும்மல் வந்துச்சு."