கோலி உருண்ட பக்கம்

விற்பதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை சோதித்துவிடலாம் என்று வரவழைத்த இஞ்சினியர் சுவர்களைத் தட்டினார், குழாய்களைத் திறந்து மூடினார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்துத் தரையில் வைத்தார். அது சற்று யோசித்துவிட்டு மேற்குச் சுவரை நோக்கி உருண்டது. படுக்கையறையிலும் மேற்கே. அடுக்களையிலும் மேற்கே. “வீடு இந்தப் பக்கமா இறங்கியிருக்குங்க. ரொம்ப வருஷமாவே.” பங்கஜவல்லிக்கு நம்பிக்கை வரவில்லை. “எங்களுக்குத் தெரியவே இல்லையே?” “உள்ளயே இருக்கறவங்களுக்குத் தெரியாதும்மா.” அவளுக்கு இலையில் ரசம் எப்போதும் மேற்கே ஓடுவது நினைவுக்கு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து கணவருக்குப் பரிமாறும்போது அந்தப் பக்கம்தான் சோற்றை அணையாகக் கட்டுவாள். எல்லோர் வீட்டிலும் ரசம் அப்படித்தான் ஓடும் என்று நினைத்திருந்தாள். “வாங்க வர்றவங்ககிட்ட இதைச் சொல்லித்தான் ஆகணுமா?” என்றார் அவள் கணவர் ஞானசிகாமணி. “அவங்க கோலி கொண்டுட்டு வர மாட்டாங்க சார்” என்று இஞ்சினியர் குண்டைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வழியனுப்ப இருவரும் தெருவுக்கு வந்தார்கள். வண்டி மறைந்ததும் பங்கஜவல்லி நிமிர்ந்து பார்த்தாள். மின்கம்பம், எதிர்வீட்டு மாடி, சைக்கிளில் போகிற ஆள், எல்லாமே கொஞ்சம் கிழக்கே சாய்ந்திருந்தன. கணவர் ஒருவர்தான் நேராக நின்றார். “ஏங்க” என்றாள். அவரும் வேறெங்கும் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.