கூடுதல் தண்ணீர்

மாக்கிரட் துணிப்பையை வெந்நீருக்குள் இறக்கினாள்.

பைக்குள் உடைத்த பார்லி. பாதி வெளிறியது, பாதி கறுக்க வறுத்தது. தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதித்தால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். வெப்பமானியைப் பார்த்து அடுப்பைத் தணித்தாள்.

பலேர்மோ நகரின் பிரான்காச்சோப் பகுதியில் இன்று குழாயில் தண்ணீர் வராத நாள். நேற்றே பீப்பாவை நிரப்பி வைத்திருந்தாள்.

பானையும் வெப்பமானியும் அவள் வேலைசெய்யும் வீட்டிலிருந்து வந்தவை. வீட்டுக்காரர் ஓய்வு நாட்களில் பியர் காய்ச்சுவார். அவர் இறந்தபின் எல்லாவற்றையும் எறிந்துவிடச் சொன்னாள் அவர் மனைவி, சிஞ்ஞோரா. மாக்கிரட் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர் காய்ச்சும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவியவளுக்குச் செய்முறை தெரியாதா?

அப்போது அவள் கணவன் றோபேட் கடையில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். ஊரில், மடு அகதி முகாமில் மகள் மொனிகா காய்ச்சலில் செத்துப்போனாள் என்று செய்தி வந்த நாளிலிருந்து அப்படித்தான். மகளைப் பலேர்மோவுக்குக் கூப்பிட அனுமதி கிடைத்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

இருவரும் அழவில்லை. மறுநாள் அவள் தரை துடைக்கப் போனாள். அவன் வியா மக்வேதா தெரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனான்.

ஈரல் வீங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் இவ்வளவு குடிப்பவன் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம், சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். யாரோ ஒருவருடைய ஈரலைப் பற்றிக் கேட்பதுபோல் றோபேட் இருந்தான்.

"இனிக் கடையிலை வாங்காதேங்கோ. நான் வீட்டிலை காய்ச்சித் தாறன்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஓம் என்று மட்டும் சொன்னான்.

பியரில் வெறியைத் தருவது தகரப் பேணியில் வரும் மோல்ட் பாணி, முளைத்த பார்லியைக் காய்ச்சிய பாகு. ஊறவைக்கும் தானியம் தருவது பெரும்பாலும் நிறமும் மணமும். மாக்கிரட் ஒவ்வொரு முறையும் பாணியைக் குறைத்தாள், தண்ணீரைக் கூட்டினாள். அவன் கண்டுபிடிக்காமலிருக்கக் கறுத்த பார்லியில் ஒரு பிடி கூடப் போட்டாள். போத்தலில் நிறம் மாறவேயில்லை.

அவன் குடித்தான். அவளும் எதையும் எதிர்பார்க்கவில்லை. தரை துடைப்பதைப்போல அதுவும் ஒரு வேலை.

பையைத் தூக்கிப் பிடித்தாள். பிழியக் கூடாது, தானாக வடிய வேண்டும். தானியம் எவ்வளவு தண்ணீரைக் குடித்திருக்கும், அதற்குமேல் எவ்வளவு ஊற்றலாம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். அந்த அளவுக்கு வாளி நிறைந்து நின்றது.

கதவு திறந்தது. றோபேட் வழமையைவிட வேளைக்கே வந்துவிட்டான்.

மேசையில் பாணிப்பேணி திறந்து கிடந்தது. இம்முறை ஊற்றப்போவதைக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். கிண்ணத்தின் அடி மறையுமளவுக்குத்தான் இருந்தது. மூடி மறைக்க நேரமில்லை.

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு வாளியை.

பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். பயம் வரவில்லை. பை வடிந்துகொண்டிருந்தது.

அவன் மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டான்.

"கறுத்ததைக் கூடப் போடாதை, மாக்கிரட். கசக்குது. நிறம் வெளிறினாலும் நான் குடிப்பன்."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதல் போத்தலிலையே."

அவன் குனிந்து வாளியைத் தூக்கினான். வாளி ஒரு பக்கம் சரிந்தது. அவள் பையைப் பானையின் விளிம்பில் சாய்த்துவிட்டு வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

பானைக்குள் வாளி காலியானது.

அவன் பீப்பாவுக்குப் போய், இன்னொரு கோப்பை தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தான்.