கினுவின் அம்மா

"இன்னும் முகம் வரையலையா சென்செய்? அஞ்சு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும்!"

போன மாதம்தான் நாளிதழின் படக்கதைப் பக்கத்துக்குப் பொறுப்பேற்ற ஹதானோ, ஐந்தாவது முறையாகக் கேட்டார். தாளை வாங்காமல் திரும்பினால் அவர் தலை உருளும்.

'சென்செய்' என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் ஓவியர் குராமொச்சி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபத்தொன்பது வருடமாகத் தினமும் நான்கு கட்டங்களில் சிரிக்க வைத்த 'குட்டி கினு' படக்கதைத் தொடருக்கு நாளையோடு முற்றுப்புள்ளி. ஐந்து வயதுக் கினு நாடறிந்த வாயாடி. ஆனால் அவள் அம்மாவின் முகத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து சோற்றுக் கிண்ணத்தை நீட்டும் ஒரு கை, அவ்வளவுதான்.

கடைசிக் கட்டத்தில் அம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். ஏப்ரனில் உள்ள பூ வரை மையிட்டாகிவிட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென்சில் வட்டம், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள்.

இதையெல்லாம் ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தாள் இயக்குநர் சிஹாயா. ஒரு வாரமாகக் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை.

"சென்செய், அந்த முகத்தை ஏன் இத்தனை நாளா வரையவே இல்ல?" என்று அவளும் கேட்டாள்.

"பொம்பளைங்க முகம் எனக்கு வராது."

"பொய்! பக்கத்து வீட்டு மாமியை மட்டும் சுருக்கம் எண்ணி வரைஞ்சிருக்கீங்க."

ஹதானோ சிரித்துவிட்டார். "அப்படிக் கேளும்மா! சென்செய்க்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு. தொடரை ஏன் இந்த வருஷம் நிறுத்தணும்? அதையும் கேளு."

"இந்த வருஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்" என்றார் குராமொச்சி.

மணி நாலரை. பேனா தாளுக்கு மேலேயே நின்றது. ஹதானோவுக்கே பாவமாகிவிட்டது.

"கேமராவைக் கீழ வை" என்றார் குராமொச்சி.

"படத்துக்கே இதுதான் முக்கியமான இடம், சென்செய். இதை விட்டுட்டா..."

"வைன்னா வை. ஜன்னல் பக்கம் திரும்பு. முடியை ஒதுக்கு."

சிஹாயா கேமராவை வைத்தாள். அவர் அவளையே பார்த்தார். பேனா இறங்கியது. புருவம், மூக்கு, ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிய சிரிப்பு. பத்தே நிமிடம்.

ஹதானோ எட்டிப் பார்த்தார். "என்ன சென்செய், இந்தப் பொண்ணையே வரைஞ்சுட்டீங்க?"

சிஹாயாவும் தாளைப் பார்த்தாள். படப்பிடிப்பு முடியும்வரை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று அவளே போட்ட கட்டுப்பாடு மறந்துபோயிற்று.

"அப்பா..." என்றாள்.

"போட்டோ பார்த்து வரைஞ்சா உயிர் இல்ல. கண்ணை மூடிட்டு நெனச்சா ஆஸ்பத்திரியில கடைசியா பார்த்த முகம்தான் வருது. அதான், நீ அவ வயசுக்கு வரட்டும்னு காத்திருந்தேன். நல்லாப் பார்த்துக்கோ சிஹாயா, முப்பத்திநாலு வயசுல உங்கம்மா இப்படித்தான் இருந்தா."