இரண்டு பூஜ்யம்

இருபது கேள்வி. இருவருக்கும் பூஜ்யம்.

ஆங்கில வாத்தியாருக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது.

அவர் வகுப்பெடுத்த ஓட்டலின் ரிசப்ஷனில் ஒரு நாற்காலி காலி. சலவைப் பிரிவில் யாராவது ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் அவருக்குத் தருவதாகவும், இல்லாவிட்டால் வெளியாளைப் போடுவதாகவும் மேனேஜர் சொல்லியிருந்தார். மூன்று மாத வகுப்பில் கடைசிவரை தாக்குப்பிடித்தது ஓரகத்திகள் இரண்டு பேர்தான். ஒரே வீடு, ஒரே வேலை, பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

பரீட்சையில் வந்தது ஆளைக் கவிழ்க்கும் இரட்டை வினைச்சொற்கள். கடன் கொடுத்தால் லெண்ட், வாங்கினால் பாரோ. நாம் படுத்தால் லை, குழந்தையைப் படுக்கவைத்தால் லே. இரண்டில் சரியானதற்கு வட்டம் போட வேண்டும். இருவரும் இருபதிலும் தப்பானதற்கே போட்டிருந்தார்கள்.

காப்பிதான் என்று முடிவுகட்டினார் வாத்தியார். ஆனால் இருவரும் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டல்லவா எழுதினார்கள்? பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. ஒன்றும் தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டாலே பத்து தேறும். இருபதும் தப்பாக வேண்டுமென்றால் இருபதும் தெரிந்திருக்க வேண்டும்.

மூத்தவளைத் தனியாகக் கூப்பிட்டார். முதலில் மழுப்பினாள். அதட்டியதும் குரல் இறங்கியது.

"அவளுக்கு மூணு மாசம் சார். இன்னும் யாருக்கும் சொல்லலை. காலையில பாத்ரூம்ல வாந்தி எடுக்கறது எனக்குக் கேக்குதே. சலவை ஆவியில அவ எப்படி நிப்பா? பாசமெல்லாம் ஒண்ணுமில்லை. அவகிட்ட சொல்லிடாதீங்க."

அடுத்து இளையவள் வந்தாள். அவள் மழுப்பக்கூட இல்லை.

"அக்காவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு சார். எட்டு மணி நேரம் நின்னு இஸ்திரி போட்டுட்டு, வீட்டுப் படி ஏறும்போது பல்லைக் கடிச்சுக்கறாங்க. உட்கார்ற வேலை அவங்களுக்குத்தான் வேணும். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

இரண்டு பேரிடமும் சரியென்று தலையாட்டிய வாத்தியார், ஐந்தே நிமிடத்தில் வாக்கைக் காற்றில் பறக்கவிட்டார். வேறு வழியில்லை. இரண்டு பூஜ்யத்தையும் நீட்டினால் நாற்காலி வெளியாளுக்குப் போய்விடும். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் போட்டு உடைத்தார். யாருக்கு இருபது போடுவதென்று அவர்களே முடிவு பண்ணட்டும் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

உள்ளே பிடித்தது பாருங்கள் சண்டை. மேஜை தட்டுகிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம். இரண்டு குரலும் ஒன்றாக ஏறியதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை.

அந்தப் பக்கம் வந்த மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார், ஒரு நாற்காலிக்கு எப்படி அடிச்சுக்கறாங்க."

இருபது வருஷ சர்வீஸில் தப்பு என்று கண்டால் வாத்தியார் திருத்தாமல் விட்டதில்லை. இதை விட்டுவிட்டார்.