மடியில் ஒரு தொட்டி

"தொட்டியை மடியிலேருந்து இறக்குங்க. சூப்பு ஆறப் போகுது!"

சூப்புக்கு மாசிக் கருவாடு சீவிக்கொண்டே கத்தினாள் நொபுயோ.

"இரு, இந்தச் சுமோ குஸ்தி முடியட்டும்."

கணவர் ஹெய்சுகேயின் கண்தான் டி.வி.யில் இருந்தது. கை, போன்சாய்க் குட்டை மரம் வைக்கிற காலித் தொட்டியைத் தடவிக்கொண்டிருந்தது. டோகோநாமே ஊர்க் குயவர் கையால் செய்த செம்மண் தொட்டி. தினமும் கைபட்டால்தான் மெருகு ஏறும். மெருகில்லாத தொட்டியோடு கண்காட்சிக்குப் போனால் போன்சாய் சங்கத்தில் ஒரு பயல் மதிக்கமாட்டான். பத்து வருஷமாகத் தடவுகிறார் மனுஷர்.

"என் முதுகுவலிக்கு ஒரு நாளாவது தைலம் தடவியிருக்கீங்களா?"

"முதுகுக்கு யாராவது பரிசு தர்றாங்களா?"

அந்தக் குளிர்காலத்தில் ஹெய்சுகே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு இடுப்பைவிடத் தொட்டிக் கவலைதான் பெரிதாக இருந்தது.

"வசந்தக் கண்காட்சி வருது, நொபுயோ. தினம் கொஞ்ச நேரம் தடவிவிடு. உன் கால்ல விழறேன்."

"முதல்ல எழுந்து நில்லுங்க, அப்புறம் விழலாம். அந்தச் சனியனை நான் தொடக்கூட மாட்டேன்."

பார்க்க வந்திருந்த சங்கத் தலைவர் சகாகிபாரா உச்சுக்கொட்டினார். "இந்த வருஷம் பரிசு போச்சு, ஹெய்சுகே."

"கல் மனசுக்காரி சார்!" என்றார் ஹெய்சுகே, அவள் காதில் விழும்படியே.

வசந்தம் வந்தது. கைத்தடியோடு வீடு திரும்பியவர் நேராகப் போய் அலமாரியைத் திறந்தார். தொட்டி மின்னியது. முன்பைவிடவே மின்னியது!

கோயில் முற்றத்தில் கண்காட்சி. பைன் மரத்தைச் சுமந்துகொண்டு தொட்டி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. சகாகிபாரா வாயைப் பிளந்தார்.

"எப்படிய்யா? குளிர்காலம் முழுக்கக் கைபடவே இல்லையே!"

"சாதாத் தொட்டியா சார் இது? என்னை நினைச்சே மின்னியிருக்கு. மண்ணுக்கு இருக்கற பாசம்கூடச் சில மனுஷங்களுக்கு இல்லை."

சொல்லிவிட்டு நொபுயோவை ஒரு முறை முறைத்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஒரு பூனை வந்தது. மேடையில் ஏறித் தொட்டியை நக்கியது. விரட்டினார்கள். இன்னொன்று வந்தது. பிறகு ஒன்று குட்டிகளோடு குடும்பமாகவே வந்தது. பக்கத்து மரங்களை அவை சீந்தக்கூட இல்லை.

சகாகிபாரா குனிந்து தொட்டியை மோந்தார்.

"என்னய்யா இது, மாசிக் கருவாடு வாசனை அடிக்குது?"

ஹெய்சுகேயும் மோந்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. தினமும் அவர் முன்னால் சூப்புக் கிண்ணத்தை வைக்கிற கையின் வாசனை.

மெல்லத் திரும்பினார். நொபுயோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? பூனையை விரட்டுங்க!"

அன்று மாலையும் டி.வி.யில் சுமோ ஓடியது. முதல் பரிசு வாங்கிய தொட்டி, வாசலில் பூனைகளின் பொறுப்பில் இருந்தது. ஹெய்சுகே தைலப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"தொட்டின்னு நினைச்சுத் தடவுங்க," என்றாள் நொபுயோ.